பெயின்ட்பால்: இரண்டு ஆண்டுச் செலவுக் கணக்கு

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். கடந்த இரண்டு ஆண்டுகளில் பத்தொன்பது முறை, எதிராளி மேல் சாயக் குண்டு சுடும் பெயின்ட்பால் ஆட்டம் ஆடியிருக்கிறேன். முதல் நாள் எனக்கு ஆன செலவு 1,810 ரூபாய்; போன மாதம் ஆனது 640 ரூபாய். இடையில் எந்தக் கட்டணமும் குறைந்துவிடவில்லை. குறைந்தது எங்கே என்பதை, குறைந்த சம்பளத்தில் இந்த ஆட்டத்துக்கு ஆசைப்படுபவர்களுக்காக, என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறேன்.

முதல் நாள் குழித்துறை நிலையத்தில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் பக்கத்தில் உள்ள ஒரு களத்துக்குப் போனோம். நுழைவுக் கட்டணம் 500 ரூபாய். அதற்குள் மார்க்கர் என்னும் சுடும் கருவி, மாஸ்க், 40 குண்டுகள் எல்லாம் அடக்கம். அந்த நாற்பதும் பத்து நிமிடத்துக்குள் தீர்ந்தன. 50 குண்டு கொண்ட பொட்டலம் 400 ரூபாய் என்றார்கள், இரண்டு வாங்கினேன். மேலுடை வாடகை 100, ரயிலும் ஆட்டோவுமாக 260, சாப்பாடு 150. நுழைவுக் கட்டணத்தை மட்டும் கையில் எண்ணிக்கொண்டு போனவனுக்கு, கூடுதல் குண்டுகளுக்கு மட்டும் அதைவிட 300 ரூபாய் அதிகமாகப் போயிருந்தது. விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் தொகை வாசலைக் கடப்பதற்கு மட்டுமே. ஆகவே பதிவு செய்யும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கூடுதல் குண்டு ஒன்றுக்கு என்ன விலை என்பதுதான். நான் ஆடிய களத்தில் அது 8 ரூபாய்.

அன்று எங்கள் குழுவில் இருந்த மூத்த அண்ணன் ஒருவர், திரும்பி வரும்போது, "ஓடுததுக்குப் பைசா இல்லல்லா தம்பி, சுடுததுக்குத்தானே பைசா" என்றார். அடுத்த பதினெட்டு ஆட்டங்களையும் நான் ஆடிய விதம் அந்தச் சொல்லிலிருந்து வந்தது.

புதிதாக ஆடுபவரின் குண்டுகள் வீணாவதற்குக் காரணம் பதற்றம் மட்டுமல்ல. குண்டின் இயல்பும் காரணம். வழக்கமான பெயின்ட் குண்டு 0.68 அங்குல விட்டம், ஏறத்தாழ 3 கிராம் எடை. மருந்துக் கேப்சூல் செய்யும் அதே ஜெலட்டின் ஓட்டுக்குள், தண்ணீரில் கரையும் சாயக் கலவை இருக்கிறது. களங்களில் இதன் வேகம் வினாடிக்கு 300 அடியைத் தாண்டக் கூடாது என்பது பரவலான வரம்பு. இவ்வளவு இலேசான உருண்டை காற்றில் விரைவாக வேகம் இழந்துவிடும். தூரத்தில் நிற்பவர் மேல் பட்டாலும் உடையாமல் தெறித்து விழும். உடையாத குண்டு கணக்கில் சேராது. முதல் நாள் நான் நாற்பது மீட்டருக்கு அப்பால் இருந்தவர்களைப் பார்த்துப் பொழிந்த குண்டுகளில் பெரும்பாலானவை அப்படித்தான் மண்ணில் கிடந்தன. மறைப்புக்கு மறைப்பு ஓடி, இருபது மீட்டருக்குள் நெருங்கிய பின் மட்டும் சுடுவது என்று மாற்றிக்கொண்டதும், ஒரு நாளைக்கு 140 குண்டு என்பது 90 ஆகி, பிறகு வாசலில் கொடுக்கும் 40-லேயே முடிந்தது.

இது சிக்கனத்துக்காக ஆட்டத்தைச் சுருக்கிக்கொள்வது அல்ல. 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹென்னிக்கர் என்ற ஊரின் காட்டில் பன்னிரண்டு பேர் ஆடியதுதான் முதல் பெயின்ட்பால் ஆட்டம். அவர்கள் கையில் இருந்தது நெல்ஸ்பாட் 007 என்ற கருவி. நம் தோட்டங்களில் வெட்ட வேண்டிய மரத்துக்குப் பெயிண்டால் அடையாளம் இடுவதுபோல, அங்கே மரங்களுக்கும் மாடுகளுக்கும் தொலைவிலிருந்து குறியிட உருவாக்கப்பட்டது. அன்று வென்ற ரிச்சி வைட் வனத்துறைத் தொழில் அறிந்தவர். காட்டில் வைத்திருந்த கொடிகளை எடுத்துச் சேர்ப்பதுதான் அந்த ஆட்டம்; அவர் ஒரு குண்டுகூடச் சுடாமல் எல்லாக் கொடிகளையும் சேர்த்துவிட்டார். இதைப் படித்த நாள் முதல், பையில் குறைந்த குண்டுகளோடு களத்தில் இறங்குவதை நான் குறையாக நினைத்ததே இல்லை.

என் கணக்கில் வீண் செலவாக இரண்டு இடங்களைச் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். மிஞ்சிய 30 குண்டுகளை, அடுத்த முறை உதவும் என்று ஜூன் மாதத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து நனைக்கும் மாவட்டம் நம்முடையது. ஜெலட்டின் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். ஒரு மாதத்தில் அவை உருண்டை வடிவத்தை இழந்து ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தன. 240 ரூபாய் குப்பைக்குப் போயிற்று. இன்னொரு முறை, மண்ணில் உடையாமல் கிடந்த குண்டுகளைப் பொறுக்கி, மார்க்கரில் குண்டுகளைப் போட்டு வைக்கும் ஹாப்பரில் போட்டேன். இரண்டாவது குண்டே குழலுக்குள் உடைந்து, சாயம் படிந்து, அதற்குப் பின் சுட்டவை எல்லாம் வளைந்து போயின. குழலைத் துடைத்துத் தருவதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டது. பொறுக்கிய குண்டில் ஒட்டியிருக்கும் மணல் குழலின் உட்புறத்தைக் கீறும் என்பதால் களத்தில் இருப்பவர்களும் அப்படிப் பொறுக்கிப் போடுவதை அனுமதிப்பதில்லை. மழைக்காலத்தில் உங்கள் கண்முன் பிரித்த பொட்டலத்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

உடைக்கு ஒரு ரூபாயும் செலவிட வேண்டியதில்லை. பழைய முழுக்கைச் சட்டை இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு, கழுத்தில் ஒரு தோர்த்தை (துண்டை) சுற்றிக்கொண்டால் போதும். சாயம் தண்ணீரில் அலசினால் போய்விடும். காலுக்குக் கால்பந்து பூட்ஸ் போடுகிறேன். தூத்தூர், குளச்சல் பக்கம் பந்து ஆடுபவர்கள் வீட்டில் பழைய ஜோடி ஒன்றாவது கிடைக்கும்; ரப்பர் குமிழ் உள்ளதாக இருக்க வேண்டும், இரும்புக் குமிழ் கூடாது. நனைந்த செம்மண்ணில் ரப்பர் குமிழ் வழுக்காது.

நான் மனமாரச் செலவிட்டது மாஸ்குக்கு மட்டுமே. ஐந்தாவது ஆட்டத்துக்குப் பிறகு 3,200 ரூபாய் கொடுத்துச் சொந்தமாக ஒன்று வாங்கினேன். வாடகை மாஸ்கின் ஒற்றைக் கண்ணாடி நம் ஊர்ப் புழுக்கத்தில் சில நிமிடங்களில் பனித்துவிடும். உள்ளே மூக்குக்கண்ணாடியும் போட்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு எதிரே மரமா ஆளா என்றே தெரியாது. அப்போது மாஸ்கைச் சற்றுத் தூக்கித் துடைக்கத் தோன்றும். அந்த ஒரு நொடியில் வரும் குண்டு கண்ணைப் பறித்துவிடும். நடுவே காற்று இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி மாஸ்கில் அந்த எண்ணமே எழுவதில்லை. வாங்கும்போது பெயின்ட்பால் கண் பாதுகாப்புக்கான ஏ.எஸ்.டி.எம். எஃப் 1776 என்ற தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பட்டறையில் வெல்டிங், அரவை வேலைக்குப் போடும் கண்ணாடியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. பணம் இல்லை என்றால் ஆட்டத்தை மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள், இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

சொந்த மார்க்கர் வாங்கும் எண்ணம் எனக்கும் ஓராண்டு இருந்தது. கருவியின் விலையோடு அது முடிவதில்லை. குண்டைத் தள்ளும் கார்பன் டை ஆக்சைடு உருளையின் அழுத்தம் வெயிலில் ஏறும், தொடர்ந்து சுட்டால் குளிர்ந்து இறங்கும். சீரான வேகம் வேண்டுமென்றால் உயர் அழுத்தக் காற்று உருளை வேண்டும். அதை நிரப்பித் தருவாரை என் சுற்றுவட்டாரத்தில் நான் கண்டதில்லை. மாதம் ஒரு முறைகூட ஆடாதவனுக்குக் களத்து மார்க்கரே போதும் என்று முடிவு செய்தேன். வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள், அது சுடும் கருவி என்பதால், பணம் கட்டும் முன் சட்டம் அறிந்த ஒருவரிடம் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் செலவு இன்னும் இறங்கியது குழுவாக ஏற்பாடு செய்த பிறகு. ஞாயிறு தவிர்த்து, பத்துப் பேராகப் போனால் ஆளுக்குப் பத்துக் குண்டு கூடுதலாகத் தர அந்தக் களத்தார் ஒப்புக்கொண்டார்கள். ஒரு சுற்றுக்கு ஒருவர் கையில் பத்துக் குண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு விதியும் வைத்துக்கொண்டோம். இரண்டு பக்கமும் சமமாகக் குறைவாக இருப்பதால், காசுள்ளவர் பொழிந்து தள்ளுவதும் இல்லாதவர் ஒளிந்தே கிடப்பதும் நின்றுபோயின. ஒரே நாளில் ஐந்து சுற்று ஆடியும் வாசலில் தந்த ஐம்பதைத் தாண்டுவதில்லை. போன மாதத்து 640 ரூபாயில் 500 களத்துக்கு, 140 பயணத்துக்கு. சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனது.

வரும் மாதம் ஆட்டம் இல்லை. வெயிலாலும் அடியாலும் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும் என்பதால் மாஸ்கின் கண்ணாடியை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். ஆட்டத்துக்கான தொகையை அதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.