இரண்டு வங்கிக் கிளைகளும் என் ஒரு கோடி ரூபாயும்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் அனெக்ஸின் முன்னறையில் இப்போது நாற்காலிகளைவிட அட்டைப்பெட்டிகளே அதிகம். கணவர் மூன்று மாதங்களுக்கு முன்னரே கனடாவில் ஸ்காபரோ போய்விட்டார். பாடசாலைத் தவணை முடிந்ததும் நானும் பிள்ளைகள் இருவரும் போகிறோம். சட்டி பானைகளை ஒதுக்குவது இரண்டு வார வேலை. பத்தொன்பது வருடம் சேர்த்த காசை ஒதுக்கத்தான் நான்கரை மாதம் பிடித்தது.

அந்த வேலைக்காக இரண்டு வங்கிக் கிளைகளின் படி ஏறினேன். முதலாவதற்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண் கொடுப்பேன், இரண்டாவதற்கு நான்கு. பெயர்களை எழுதப் போவதில்லை. முதற் கிளையில் இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். இரண்டாவதைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தால், அங்கே எனக்கு உதவிய அந்த ஒரே அதிகாரி இடம் மாறிப் போகும் நாளில் என் புகழ்ச்சி பொய்யாகிவிடும்.

கேட்கப் போன சேவை இதுதான். 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ், வேறொரு நாட்டில் நிரந்தர வதிவிடம் பெற்ற இலங்கையர் தம் சேமிப்பைப் புலம்பெயர்வுக் கொடுப்பனவாக வெளியே அனுப்பலாம். அதற்கென்று மூலதனக் கொடுக்கல்வாங்கல் ரூபாய்க் கணக்கு என்ற ஒன்றைத் திறக்க வேண்டும். எங்கே இருக்கும் காசும் முதலில் அதற்குள் வர வேண்டும். அதிலிருந்துதான் டொலராக மாறிப் போக வேண்டும். எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. 2020 இல் நாட்டில் டொலர் வரண்ட நாளிலிருந்து தற்காலிக உத்தரவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அந்த வரம்பை மாற்றிக்கொண்டே இருந்தன. ஆகையால் முந்திப் போன சொந்தக்காரர் சொல்லும் தொகையை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். என் ஒன்றுவிட்ட அண்ணன் சொன்ன தொகைக்கும் எனக்கு வங்கியில் சொன்ன தொகைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

முதற் கிளை என் சம்பளம் விழுந்த கிளை. பத்தொன்பது வருடம் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் 25 ஆம் திகதி அங்கேதான் காசு வந்தது. மூன்று நிலையான வைப்புகளும் அங்கேதான். புதுவருடத்துக்கு நாட்காட்டி தருவார்கள், வைப்பு முதிர்ந்தால் தொலைபேசியில் அழைத்து, "மிஸ், புதுப்பிப்போமா?" என்று தேன் ஒழுகக் கேட்பார்கள். கனடாவுக்கு விண்ணப்பித்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். கனடாக் குடிவரவுக்குக் கொடுக்கும் வங்கிக் கடிதத்தில் கடந்த ஆறு மாதத்தின் சராசரி மீதி இருக்க வேண்டும். இவர்கள் தந்த கடிதத்தில் அன்றைய மீதி மட்டும் இருந்தது. திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது கடிதத்தில் சராசரி இருந்தது, கணக்கு இலக்கத்தில் ஓர் எண் பிழை. மூன்றாவது கடிதம்தான் போனது.

பிறகு இந்தப் புலம்பெயர்வுக் கணக்கைப் பற்றிக் கேட்கப் போனேன். முகப்பில் இருந்த பிள்ளை, "வெளிநாட்டு நாணயக் கணக்குத்தானே மிஸ், டொலர் கொண்டு வாருங்கள், இன்றே திறக்கலாம்" என்றார். "தங்கச்சி, நான் டொலர் கொண்டு வரவில்லை, கொண்டு போகப் பார்க்கிறேன்" என்றேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து ஒரு பட்டியல் எழுதித் தந்தார். அடுத்த வாரம் அந்தப் பட்டியலின்படி எல்லாவற்றையும் கொண்டு போனால் வேறொருவர் இருந்தார். அவரிடம் வேறொரு பட்டியல். மூன்றாம் முறை முகாமையாளரிடமே போனேன். அவர் மரியாதையாகத் தேநீர் வரவழைத்தார், தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுவதாகச் சொன்னார், வைப்பை இன்னும் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்தால் நல்ல வட்டி தரலாம் என்றும் சொன்னார். அந்த மின்னஞ்சலுக்குப் பதில் இன்றுவரை வரவில்லை. தேநீர் நன்றாக இருந்தது. அந்த ஒரு மதிப்பெண் அதற்குத்தான்.

இதற்கிடையில் பெயர்ச் சிக்கல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் இது வரும். என் தேசிய அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முன்னுக்கு. கலியாணத்துக்குப் பிறகு எடுத்த கடவுச்சீட்டில் கணவரின் பெயர் பின்னுக்கு. ஊழியர் சேமலாப நிதியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ ஆங்கிலத்தில் எழுதிய முதலெழுத்தும் பெயரும். அதில் ஓர் எழுத்துக் குறைவு. வைப்புச் சான்றிதழ்களில் நான்காவது எழுத்துக்கூட்டல். ஒரே ஆள், நான்கு பெயர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கணக்கைச் சதம் பிசகாமல் பார்த்த எனக்கு என் சொந்தப் பெயர் பிசகியிருந்தது பத்தொன்பது வருடம் கண்ணில் படவில்லை. சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்தேன்: இந்த நான்கு பேரும் நானே. பத்துப் பிரதிகள் எடுங்கள், ஒன்பது செலவாகும்.

சேமலாப நிதியைப் பொறுத்தவரை, பெண்களுக்கு 50 வயதும் ஆண்களுக்கு 55 வயதும் ஆனால்தான் கைக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போகிறவர் அதற்கு முன்னரே கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. எனக்கு 46. சம்பளத்தில் நான் கட்டிய 8 வீதமும் முதலாளி கட்டிய 12 வீதமும் வட்டியோடு அங்கே கிடந்தன. முதலாளி தனியாகக் கட்டிய 3 வீதம் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில். 141 ஆம் இலக்க பஸ்ஸில் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்துக்குப் போய், சேமலாப நிதிக் காசைக் கேட்கும் கே படிவத்தைக் கொடுத்தேன். அங்கே எனக்குக் குறையில்லை. குறை எல்லாம் அந்த ஓர் எழுத்தால் வந்தது. அதைத் திருத்திக் கடிதம் தர என் பழைய நிறுவனம் பதினேழு நாள் எடுத்துக்கொண்டது. வேலையை விடுவதற்கு முன்னரே நிதியில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். உள்ளே இருக்கும்போது பக்கத்து மேசையில் கேட்டு வாங்கும் கடிதத்துக்கு, வெளியே வந்த பிறகு வரவேற்பறையில் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது கிளையைத் தொலைபேசியில் கண்டுபிடித்தேன். ஆறு கிளைகளுக்கு அழைத்து ஒரே கேள்வி கேட்டேன்: "இந்த வருடம் உங்கள் கிளையில் புலம்பெயர்வோர் கணக்கு எத்தனை திறந்தீர்கள்?" நான்கு கிளைகளில் கேள்வியே விளங்கவில்லை. ஒன்றில், "வந்து கேளுங்கள்" என்றார்கள். ஆறாவது, கோட்டைப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய கிளை. எடுத்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "முப்பதுக்குக் கிட்ட இருக்கும் மிஸ். விசா எந்த நாடு?" என்று கேட்டார். 100 ஆம் இலக்க பஸ்ஸில் அடுத்த நாளே போய் இறங்கினேன்.

அந்த அதிகாரி சிங்களவர். தமிழ் ஓரளவு பேசுவார், என் சிங்களமும் அதே அளவு. அவர் தந்த பட்டியல் அச்சிட்ட ஒரே தாள். கடவுச்சீட்டு, நிரந்தர வதிவிட உறுதிப் பத்திரம், விசா, ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்று, முன்னர் வேறெந்த வங்கியிலும் இப்படி அனுப்பவில்லை என்ற உறுதிமொழி. "முதிர்வதற்கு ஐந்து வாரம் இருக்கும் வைப்பை உடைக்க வேண்டாம், அது வரட்டும், மற்றதை முதலில் அனுப்பலாம்" என்று அவராகவே சொன்னார். வட்டியில் 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள், முன்னர் 5 வீதம்; அதற்கு மேல் முன்கூட்டி உடைத்த தண்டமும் சேர்ந்தால் அந்த வைப்பில் மிஞ்சியிருப்பது நாட்காட்டி மட்டுமே.

வைப்புகள் 62 இலட்சம், நிதிகள் இரண்டும் சேர்ந்து 38 இலட்சம். ஒரு கோடி ரூபாய் என்று சொல்லும்போது வாய் நிறைகிறது. டொலராக்கினால் 33,000. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்க்குச் சற்று மேலே இருந்தது. மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. பிறகு இறங்கியும் 300 ஐச் சுற்றித்தான் நிற்கிறது. பழைய விலையில் இதே காசுக்கு ஏறத்தாழ 49,000 டொலர் வந்திருக்கும். நாங்கள் 2021 இல் புறப்படுவதாக இருந்தவர்கள். கணவர் இதைப் பற்றிப் பேசுவதில்லை, நானும் எடுப்பதில்லை.

நாணய மாற்று விகிதத்துக்கு வருகிறேன். பலகையில் எழுதியிருக்கும் விற்பனை விகிதம் கல்லில் செதுக்கியதல்ல. பெரிய தொகை என்றால் பேரம் பேசலாம் என்பது அந்த அதிகாரி வாய் திறக்காமல் எனக்கு உணர்த்திய பாடம். "இதுதான் கடைசியா?" என்று நான் கேட்டபோது மேலே தொலைபேசி எடுத்தார், டொலருக்கு 1 ரூபாய் 40 சதம் குறைந்தது. 32,000 டொலருக்கு அது 44,800 ரூபாய். செட்டியார் தெருவில் ஒரு மோதிரத்துக்குச் செய்கூலி குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நிற்கிற நாம் வங்கியில் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்று தெரியவில்லை.

32,000 என்றேன், ஏனென்றால் முதலில் 1,000 டொலரை மட்டும் ஒத்திகைக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது 978. வழியில் ஓர் இடைநிலை வங்கி 22 டொலரை எடுத்துக்கொண்டது. அது போதாதென்று கணவரின் கணக்கு கனடிய டொலர்க் கணக்கு என்பதால் அங்குள்ள வங்கி தன் விகிதத்தில் இன்னொரு முறை மாற்றியது. ரூபாயிலிருந்து ஒரு வெட்டு, அமெரிக்க டொலரிலிருந்து இன்னொரு வெட்டு. கணவர் அதே வங்கியில் அமெரிக்க டொலர்க் கணக்கொன்று திறந்தார். மிகுதியை அதற்கு அனுப்பினோம், வழிச் செலவு முழுவதும் அனுப்புகிறவருக்கே என்ற கூட்டில் புள்ளடி போட்டு. அந்தக் கட்டணம் இங்கே கொஞ்சம் கூட, ஆனால் அனுப்பியது சதம் குறையாமல் போனது. இனி விகிதம் பார்த்து ஆறுதலாக மாற்றிக்கொள்ளலாம்.

ஏன் உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம் காசு அனுப்பும் வழியில், போடவில்லை என்று கேட்காத சொந்தமில்லை. காலையில் இங்கே கொடுத்தால் மத்தியானம் ஸ்காபரோவில் வீட்டு வாசலில் காசு, விகிதமும் வங்கியைவிட நல்லது என்று சின்ன மாமா வந்து அமர்ந்து விளக்கினார். சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். நாளைக்கு வீடு வாங்கக் கடன் கேட்கும்போது, முன்பணம் எங்கிருந்து வந்தது என்று கனடிய வங்கி கேட்டால், "மாமாவின் சிநேகிதர் பையில் கொண்டு வந்தார்" என்று எழுதிக் கொடுக்க முடியுமா? என்னிடம் இப்போது ஒவ்வொரு டொலருக்கும் தாள் இருக்கிறது. மாமாவுக்கு அது பெருமையாகப் படவில்லை. கணக்குப் பகுதியில் இருந்தவளுக்குப் படும்.

நகை பற்றி இரண்டு வரி. தாலிக்கொடியும் காப்புகளும் படமெடுத்து, மதிப்பீட்டுச் சீட்டோடு பட்டியலாக்கி வைத்திருக்கிறேன். முதன்முதல் இறங்கும்போது அங்குள்ள சுங்கத்தில் காட்ட வேண்டும். கையில் கொண்டு போகும் காசு 10,000 கனடிய டொலரோ அதற்கு மேலோ என்றால் அதையும் சொல்ல வேண்டும். சொன்னால் வரி இல்லை, சொல்லாவிட்டால்தான் வில்லங்கம்.

இரண்டாவது கிளைக்கு ஏன் ஐந்து கொடுக்கவில்லை? அந்த அதிகாரி விடுமுறையில் போன எட்டு நாளும் என் கோப்பை யாரும் தொடவில்லை. அவருடைய மேசையில், நான் வைத்த இடத்திலேயே, என் சத்தியக் கடதாசி தூசி பிடித்துக் கிடந்தது. ஒரே ஆளில் தொங்கும் சேவை அது. போகிறவர்கள் அவருடைய விடுமுறை நாட்களையும் முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாம் அனுப்பி முடித்த பிறகு, போன செவ்வாய்க்கிழமை சேமலாப நிதியிலிருந்து விடுபட்ட ஒரு மாதத்துப் பங்களிப்பு வந்து விழுந்தது: 3,870 ரூபாய். அதை டொலராக்கி அனுப்பும் கட்டணம் அதைவிடக் கூட. ரூபாயாகவே எடுத்து மாமியிடம் கொடுத்தேன். அவர் மறுநாளே செத்தல் மிளகாயும் மல்லியும் வாங்கி, வறுத்துத் திரித்து, இரண்டு கிலோ தூளாக என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டார். இப்போது மூன்றாவது பெட்டி 23 கிலோவைத் தாண்டி நிற்கிறது.