ஆறடித் தொட்டியும் அரைக் குதிரைவலுப் பொய்யும்

வெள்ளவத்தையில் என் வீட்டு வரவேற்பறையில் ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று காலியாக நிற்கிறது. மழை நாட்களில் மனைவி அதன் விளிம்பில் துவாய் காயப்போடுகிறாள். அந்தத் துவாய்க் கொடிக்கு நான் கொடுத்த விலை 14 இலட்சம் ரூபா.

கடல் மீனும் பவளமும் வளர்க்கும் தொட்டியை முழுப் பொறுப்பெடுத்து அமைத்துத் தருவதாகச் சொன்னவரின் பெயரையோ கடையின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. ஆனால் இதே ஆசையோடு இன்னொருவர் காசை எண்ணிக்கொண்டிருக்கக் கூடும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

நன்னீர் மீன் வளர்ப்பில் எனக்குப் பத்து வருடப் பழக்கம் உண்டு. கப்பி, ஏஞ்சல், கோல்ட்ஃபிஷ் என்று எல்லாம் வளர்த்திருக்கிறேன். அந்தத் துணிச்சல்தான் முதல் பிழை. இரண்டாவது பிழை, வந்தவர் தமிழில் கதைத்தது. தேநீர் குடித்துக்கொண்டே ஊர் விசாரித்தார். அவருடைய அம்மம்மாவின் ஊரும் என் அம்மாவின் ஊரும் வடமராட்சியில் ஒன்றுதான் என்று தெரிந்ததும், பற்றுச்சீட்டுக் கேட்க எனக்கு வெட்கமாகிவிட்டது. "அண்ணை, நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். இரண்டு கிழமையில் பிள்ளைகளுக்கு மீனைக் காட்டுகிறேன்" என்றார். இரண்டு தவணையில் முழுக் காசையும் கொடுத்தேன். கையில் கிடைத்தது "மீன் தொட்டி வேலை" என்று எழுதிய ஒரு துண்டும், பொருட்களின் பட்டியலாக ஒரு வாட்ஸ்அப் செய்தியும்.

அந்த "இரண்டு கிழமை" என்ற சொல்லிலேயே நான் விழித்திருக்க வேண்டும். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேற வேண்டும். புதிய தொட்டியில் அதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு கிழமை பிடிக்கும். அதுவரை மீன் விடக்கூடாது. இவரோ ஒரு போத்தல் பக்டீரியாவை ஊற்றிவிட்டு, மறுநாளே இரண்டு கோமாளி மீன்களையும் ஒரு பவுடர் புளூ மீனையும் விட்டார். பவுடர் புளூ பழகிய கைகளிலேயே எளிதில் நோய்ப்படும் மீன். ஐந்தாம் நாள் அதன் உடம்பெல்லாம் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். சோதனைப் பெட்டி ஒன்றை நானே வாங்கி அமோனியா பார்த்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் வாழையிலை நிறத்துக்கு வந்தது. ஏழாம் நாள் பவுடர் புளூவைக் கடதாசியில் சுற்றி எடுத்தேன். சின்னவள் அன்று சாப்பிடவில்லை.

வெப்பமானி 30 பாகையைக் காட்டிக்கொண்டிருந்தது. பவளத்துக்கு 25, 26 பாகைதான் வசதி. கேட்டதற்கு, "கொழும்பு மீன் கொழும்புச் சூட்டுக்குப் பழகிவிடும்" என்று பதில் வந்தது. 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையில் பவளம் வெளுத்துச் செத்ததை அறிந்தவன் இப்படிச் சொல்ல மாட்டான். கடலே தாங்காத சூட்டை என் தொட்டி எப்படித் தாங்கும்?

கண்ணாடி விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேசியது 12 மில்லிமீற்றர். நிரப்பிய பிறகு முன் கண்ணாடி நடுவில் லேசாக வெளியே தள்ளியிருந்தது. மகனின் பாடசாலை வேர்னியரை விளிம்பில் வைத்துப் பார்த்தேன்: 10. இரண்டடி உயரத்துக்கு, ஏறத்தாழ 680 லீற்றர் தண்ணீருக்கு, மூன்றாம் மாடியில். அன்றிரவு நான் தூங்கவில்லை.

அதற்கு மூன்று நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு மின்சாரம் போனது. ஒரு மணி நேரம்தான். கீழ்த் தட்டில் உள்ள, மேலிருந்து வழியும் தண்ணீரைச் சேர்க்கும் சம்ப் தொட்டியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் பம்பி நின்றது. அந்தக் குழாயின் வாயை மேல் தொட்டியில் ஐந்து அங்குல ஆழத்தில் வைத்திருந்தார்கள். பம்பி நின்றதும் தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பிக் கீழே இறங்கத் தொடங்கியது. குழாய் வாய்க்குக் காற்றுப் படும்வரை அது நிற்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறடிக்கு இரண்டடித் தொட்டியில் ஓர் அங்குலத் தண்ணீர் என்றால் 28 லீற்றர். ஐந்து அங்குலத்துக்கு 140. சம்பில் இருந்த வெற்றிடம் 40 லீற்றருக்கு மேல் வராது. மீதி 100 லீற்றர் உப்புத் தண்ணீரும் என் வரவேற்பறையில்.

மெழுகுதிரி வெளிச்சத்தில் துணியும் வாளியுமாக நானும் மனைவியும் நின்றபோது, கீழ் வீட்டு அன்ரி கதவைத் தட்டினார். அவர் சத்தம் போடவில்லை. "தம்பி, என்னுடைய சாமி அறையில் மழை பெய்கிறது" என்றார்.

இதைத் தடுக்கக் குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சிறு துளை போதும். மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் காற்று உள்ளே போய் ஓட்டம் அறுந்துவிடும். அல்லது வாயை மேலே தூக்கி வைக்க வேண்டும். தொட்டி அமைக்க வருபவரிடம், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் பம்பியை உங்கள் முன்னாலேயே நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். சம்ப் வழியவில்லை என்று கண்ணால் கண்ட பிறகு காசை எடுங்கள். 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டுக் கண்ட ஊரில் தொழில் செய்பவர் இதை மறந்தேன் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

நனைந்த மின்செருகிகளைப் பார்க்க மறுநாள் ஒரு மின்வேலைத் தம்பி வந்தார். உண்மையில் என் கண்ணைத் திறந்தவர் அவர்தான். ஒவ்வொரு கருவியின் வயரிலும் கவ்வி மீற்றரைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தவர், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரிடம் நின்றார். "அண்ணா, இது எத்தனை குதிரைவலு என்றார்கள்?" "அரை." அவர் மீற்றரை என் பக்கம் திருப்பினார். 0.7 அம்பியர். "230 வோல்ட்டில் இது 160 வாட். அரைக் குதிரைவலு என்றாலே 373 வாட் வேலை செய்ய வேண்டும். இந்தப் பெட்டி எடுக்கும் மின்சாரமே அதில் பாதி இல்லையே."

இருவரும் குனிந்து பார்த்தோம். பக்கவாட்டில் 1/2 என்று ஒட்டியிருந்த தாளின் ஒரு மூலை உப்பு ஈரத்தில் மடங்கி எழும்பியிருந்தது. நகத்தால் கிள்ளி இழுத்தேன். வாழைப்பழத் தோல் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் உற்பத்தியாளரின் சொந்தத் தாள்: 1/10. அதன் ஓரங்களில் பழைய தூசி கறுப்பாக உறைந்திருந்தது. புதுப் பொருள்கூட இல்லை, யாரோ வைத்துக் கழித்தது. சம்பையும் சேர்த்தால் 800 லீற்றர் வரும் என் தொட்டிக்கு இது, உலைக்கு விசிறி மட்டையால் வீசுவது போலத்தான்.

படம் எடுத்துத் தொட்டி அமைத்தவருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் மாலை அவரே நேரில் வந்தார், கையில் ஒரு ரெஜிஃபோம் பெட்டியோடு. "கோபிக்க வேண்டாம் அண்ணை, இறக்குமதிப் பவளம், உங்களுக்கு இனாம்" என்றார். நான்கு பைகள். ஒன்றை விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். கல் பவளம். அடிப்பக்கம் கரடுமுரடாக, சுண்ணாம்பு வெள்ளையாக, நேற்று உடைத்தது போல இருந்தது. பண்ணையில் வளர்த்த துண்டு பெரும்பாலும் ஒரு சிறிய வட்டிலில் ஒட்டி வளர்ந்து, அதோடுதான் வரும். நம் கடலில் கல் பவளத்தை உடைத்து எடுப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தாலும் கல் பவளம் முழுவதும், காட்டுயிர்களின் நாடுகளுக்கிடையிலான வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் அனுமதிப் பத்திரம் வேண்டும். பத்திரம் எங்கே என்று கேட்டேன். "கடையில் இருக்கிறது" என்றார். எடுத்து வாருங்கள் என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். பத்திரமும் வரவில்லை, அவரும் பிறகு வரவில்லை. அந்த நான்கு துண்டும் இப்போது யாருடைய தொட்டியில் வெளுக்கின்றனவோ.

மிஞ்சிய இரண்டு கோமாளி மீன்களையும் தெகிவளையில் ஒரு நண்பரின் பழைய தொட்டிக்கு மாற்றிவிட்டேன். அவை நலம். என் தொட்டியை அன்றே வடித்தேன்.

நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட்டேன். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்கிறார்கள். ஆனால் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும். "பேசித் தீர்ப்போம் அண்ணை" என்று அவர் இழுத்த இழுப்பில் நான் எழுதியபோது ஒன்பது நாள்தான் மிச்சம் இருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நான் கேட்கவே இல்லை. இன்று என் பக்கச் சான்று அந்த வாட்ஸ்அப் பட்டியலும், "12 மி.மீ. கண்ணாடி, அரைக் குதிரைவலு சில்லர்" என்று அவரே தட்டிய வரியும், வங்கியில் காசு போட்ட தாளும், உரித்தெடுத்த அந்த ஒட்டுத் தாளும்தான். அதைப் பிள்ளையின் கொப்பிக்குள் வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

கீழ் வீட்டு அன்ரியின் கூரைக்குப் பூச்சு அடிக்க 38,000 ரூபா ஆனது. அதைக் கொடுத்த அன்று இரவு, தொட்டி அமைத்தவரிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. "அண்ணை, ஒரே ஊர்க்காரர் நாங்கள். முறைப்பாடு அது இது என்று போகலாமா?" அதையும் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.