ஆறரை ஆண்டுகள், 83 புத்தகங்கள்: ஒரு கடைக்காரரின் பரிந்துரையை நம்பி வாங்கிய அனுபவம்

கடலூரில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். 2019 ஜூன் முதல் 2025 நவம்பர் வரையிலான ஆறரை ஆண்டுகளில் புதிதாக வெளிவந்த தமிழ்ப் புத்தகங்களில் நான் வாங்கியவை பெரும்பாலும் புதுச்சேரியில் ஒரே ஒரு சிறிய கடையில், அதன் உரிமையாளர் எடுத்துக் கொடுத்தவை. ரங்கப்பிள்ளை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கும் அந்தக் கடைக்குக் கிளைகள் இல்லை. எந்தப் பதிப்பகத்தோடும் அது சேர்ந்ததில்லை. தம்மையும் கடையையும் பெயர் சொல்லி எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அவர் பரிந்துரைத்த புத்தகங்களின் பெயர்களையும் இங்கே தரப்போவதில்லை. அவை எனக்கென்று அளவெடுத்துத் தரப்பட்டவை. எனக்குப் பொருந்திய புத்தகம் இதைப் படிப்பவருக்கும் பொருந்தும் என்று சொல்ல என்னால் இயலாது.

முதல் நாள் நான் போனபோது, புதிதாக வந்ததில் நல்ல நாவல் ஏதாவது இருக்கிறதா என்று பொதுவாகத்தான் கேட்டேன். அவர் மூன்று புத்தகங்களை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, என் பையிலிருந்து எட்டிப் பார்த்த விடைத்தாள் கட்டைக் கவனித்துவிட்டு, "டீச்சர், கடைசியாக எந்தப் புத்தகத்தைப் பாதியில் மூடி வைத்தீங்க?" என்று கேட்டார். எந்தக் கடையிலும் அதுவரை என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பலரும் பாராட்டிய ஒரு நாவலைத் தொண்ணூறாம் பக்கத்தில் விட்டுவிட்டதாகவும், அதில் வரும் மனிதர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுவதாகத் தோன்றியதே காரணம் என்றும் சற்றுத் தயக்கத்தோடு சொன்னேன். உடனே அவர் கையிலிருந்த மூன்றில் இரண்டை அடுக்கில் திருப்பி வைத்துவிட்டு மூன்றாவதை மட்டும் நீட்டினார். அன்று இரவே அதைப் படித்து முடித்தேன்.

அந்தக் கடையின் முன்மேசையில் இருக்கும் ஒவ்வொரு புதிய புத்தகத்திலும், பழைய காலண்டர் அட்டையிலிருந்து வெட்டிய உள்ளங்கை அளவுச் சீட்டு ஒன்று செருகப்பட்டிருக்கும். அதில் பந்துமுனைப் பேனாவால் நான்கு வரிகள் எழுதியிருப்பார். மூன்று வரிகள் புத்தகத்தைப் பற்றியவை. நான்காவது வரி, தாம் எவ்வளவு படித்தார் என்பது. "முழுதும் படித்தேன்" என்றோ, "112ஆம் பக்கம் வரை" என்றோ, "இன்னும் படிக்கவில்லை, இவருடைய முந்தைய தொகுப்பை நம்பிச் சொல்கிறேன்" என்றோ அது இருக்கும். பிரான்சின் புத்தகக் கடைகளில் விற்பனையாளர்கள் தமக்குப் பிடித்த நூலில் கையெழுத்துச் சீட்டு வைப்பது பழைய வழக்கம். அத்தகைய தேர்வை அங்கே 'கூ து கேர்' என்கிறார்கள். இளவயதில் அந்நாட்டில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது கண்டதைத்தான் இங்கே செய்வதாக அவர் சொன்னார். ஆனால் சீட்டைத் திரும்ப வாங்குவது அவருடைய சொந்த ஏற்பாடு. புத்தகத்தோடு அந்தச் சீட்டையும் கொடுத்து அனுப்புவார். முடித்தால் பின்புறம் "முடித்தேன்" என்றும், இடையில் விட்டால் விட்ட பக்கத்தின் எண்ணையும் எழுதி அடுத்த முறை கொண்டுவந்து தர வேண்டும்.

எண்களோடு பழகியவள் என்பதால் நானும் ஒரு குறிப்பேட்டில் கணக்கு வைத்தேன். இந்த ஆறரை ஆண்டுகளில் அவருடைய பரிந்துரையின் பேரில் 83 புத்தகங்கள் வாங்கியிருக்கிறேன். 58ஐ முழுமையாகப் படித்தேன். 16 பாதியில் நின்றன. ஒன்பதை இன்னும் திறக்கவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் வாங்கிய 22 புத்தகங்களில் பத்தை முடிக்க முடியவில்லை; கடைசி இரண்டு ஆண்டுகளில் வாங்கிய 31 புத்தகங்களில் அப்படி நின்றவை இரண்டே. இதே காலத்தில் இணைய விற்பனைத் தளங்களில் நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்து வாங்கியவை 19. அவற்றில் எட்டைத்தான் முடித்தேன். தொடக்கத்தில் அவருடைய தேர்வும் அந்த நட்சத்திரங்களை விடப் பெரிதாக மேம்பட்டிருக்கவில்லை. திரும்பிப் போன சீட்டுகள்தாம் அவருக்கு என்னைக் கற்றுக்கொடுத்தன.

2021இல் ஒரு நாள் என் சீட்டுகளை மேசையில் வரிசையாக அடுக்கி, நாவல்களை நான் விடும் இடம் பெரும்பாலும் 60ஆம் பக்கத்துக்கும் 90ஆம் பக்கத்துக்கும் இடையில்தான் வருகிறது என்று காட்டினார். அந்த இடத்தில்தான் பல நாவல்களில் ஆசிரியரே குறுக்கே வந்து விளக்கம் சொல்லத் தொடங்குகிறார் என்பது அவர் கண்டுபிடிப்பு. மொழிபெயர்ப்பு நூல்களில் நான் இருபதாம் பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை. அதன் பிறகு மொழிபெயர்ப்பு எதையும் அவர் எனக்கு வெறுமனே எடுத்துத் தருவதில்லை. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படிப்பார். வாசகம் நாக்கில் தடுக்கினால், தாமாகவே மூடி வைத்துவிடுவார். எனக்கென்று ஒரு சோதனையும் உண்டு. புதுச்சேரியிலிருந்து கடலூர் திரும்பும் பேருந்தில் அரியாங்குப்பம் தாண்டியதும் புத்தகத்தைத் திறப்பேன். முள்ளோடை வருவதற்குள் அது என்னை உள்ளே இழுத்துவிட்டால் பெரும்பாலும் முடித்துவிடுவேன்.

புதிய புத்தகங்களுக்கு இப்படி ஒருவர் தேவைப்படுவதற்குப் பதிப்புத் தொழிலிலேயே காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் தமிழில் முதல் பதிப்பு என்றால் 1200 படிகள் அச்சிடுவது வழக்கம். அவற்றில் கணிசமான பங்கு நூலக ஆணைக்கு, அதாவது அரசு நூலகங்களுக்கான கொள்முதலுக்கு, போகும். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்துவிட்டதால், பல புத்தகங்கள் இருநூறு, முந்நூறு படிகளோடு வெளிவருகின்றன. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி ஒரே மூச்சில் குவியும் நூல்களில் ஒன்று, மார்ச் மாதம் யார் கண்ணிலும் படாமல் போய்விடலாம். முந்நூறு படி அச்சான ஒரு சிறுகதைத் தொகுப்பை இந்தக் கடைக்காரர் ஓராண்டில் 25 பேருக்கு எடுத்துக் கொடுத்தார் என்றால், அந்தப் பதிப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு இந்த ஒரு சந்தின் வழியாகப் போயிருக்கிறது. அமெரிக்காவில் தனிக் கடைக்காரர்களின் பரிந்துரைகளைத் திரட்டி 'இண்டி நெக்ஸ்ட்' என்ற பெயரில் மாதந்தோறும் பட்டியல் வெளியிடுகிறார்கள். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இருக்கும் சிறிய கடைக்காரர்கள் மாதம் பத்துப் புத்தகங்களையாவது அப்படிச் சேர்ந்து சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

இனி விலை. இணையத்தில் கிடைக்கும் தள்ளுபடி இங்கே கிடையாது. அட்டையில் அச்சிட்ட விலைதான். நான் வாங்கிய 83 புத்தகங்களின் சராசரி விலை 320 ரூபாய். மொத்தம் 26,560 ரூபாய். பத்து விழுக்காடு தள்ளுபடியோடு வேறிடத்தில் வாங்கியிருந்தால் 2,656 ரூபாய் மிச்சமாகியிருக்கும். 78 மாதங்களுக்கு வகுத்தால் மாதம் 34 ரூபாய். ஆள் அறிந்து புத்தகம் எடுத்துத் தருகிற ஒருவருக்கு நான் கொடுத்த கட்டணம் அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன், மனநிறைவோடு. பிரான்சில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிய புத்தகத்துக்கு எந்தக் கடையும் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாது. பெரிய கடைகள் விலையைக் குறைத்துச் சிறிய கடைகளை நசுக்கிவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. பிரெஞ்சுப் பெயர்ப்பலகைகள் இன்னும் தொங்கும் இந்த ஊரில் அந்தச் சட்டம் செல்லாது என்பது எனக்கு வருத்தமே.

வாங்கிய பிறகான பொறுப்பைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 2022இல் வாங்கிய ஒரு வரலாற்று நூலில் 128ஆம் பக்கத்தை அடுத்து 145ஆம் பக்கம் வந்தது. 128ஐ 16ஆல் வகுத்தால் மீதியின்றி எட்டு. பதினாறு பக்கங்களாக அச்சிட்டு மடிக்கும் தொகுதியைப் பாரம் என்பார்கள்; எட்டுப் பாரங்கள் சரியாகத் தைக்கப்பட்டு ஒன்பதாவது பாரம் மட்டும் கட்டுமானத்தில் விடுபட்டுப்போயிருந்தது. பதிப்பகத்துக்கு இரண்டு முறை எழுதியும் பதில் வரவில்லை. கடைக்காரர் தாம் படிக்க வைத்திருந்த சொந்தப் படியை எடுத்து, ஓரத்தில் பென்சிலால் தாம் போட்டிருந்த கோடுகளுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு என்னிடம் கொடுத்தார். பாரம் விடுபட்ட படி இன்றும் அவர் மேசையில் இருக்கிறது. அதன் பிறகு புதிய கட்டு வந்ததும் பக்க எண்களைப் புரட்டிப் பார்க்காமல் எதையும் அவர் அடுக்கில் வைப்பதில்லை.

2020 ஊரடங்கில் முள்ளோடையில், புதுச்சேரி - தமிழ்நாடு எல்லையில், தடுப்புப் போட்டிருந்த மாதங்களில் அவர் கைபேசியில் குரல் பதிவு அனுப்புவார். அஞ்சல் போக்குவரத்து சீரானதும் புத்தகங்களைப் பதிவு நூலஞ்சலில் அனுப்பத் தொடங்கினார். 2024ஆம் ஆண்டின் கடைசி வாரங்கள் அவருக்கு மிகக் கடுமையானவை. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது சந்தில் ஏறிய மழைநீர் கடைக்குள் புகுந்து கீழ் இரண்டு அடுக்குகளையும் நனைத்துவிட்டது. தென்பெண்ணை வெள்ளம் வடிந்து கடலூரில் நாங்கள் தலைதூக்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். வாடிக்கையாளர்கள் ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்து பத்துப் பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் துண்டாக வைத்து, ஈரம் உறிஞ்சியதும் எடுத்து மாற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் மாலை வரை இருந்தேன். பசை போட்டு ஒட்டிய புத்தகங்கள் உப்பி இதழிதழாகப் பிரிந்துவிட்டன. நூலால் தைத்த பழைய கட்டுமானம் மட்டும் தாக்குப்பிடித்தது. அந்த ஈரம் காய்வதற்குள், டிசம்பர் 18 அன்று, அஞ்சல் துறை பதிவு நூலஞ்சல் சேவையையே நிறுத்திவிட்டது. குறைந்த கட்டணத்தில் வெளியூர் வாசகர்களுக்கு அனுப்பிவந்த சிறிய கடைகளுக்கு அது பேரிழப்பு. 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்ற புதிய சேவை வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை 100 ரூபாய் என்று அதன் கட்டணம். அதனால் ஓரளவு மூச்சு விட முடிகிறது என்கிறார்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கவிதையில் அவருக்கு ஈடுபாடு குறைவு. ஆறரை ஆண்டுகளில் எனக்கு அவர் தந்த புதிய கவிதைத் தொகுப்புகள் மூன்றே. அறிவியல் நூல்களைப் பற்றி அவர் சீட்டில் எழுதும் வரிகள் பின்னட்டை வாசகத்தைத் தாண்டுவதில்லை. அவற்றை நான் நெய்வேலிப் புத்தகக் காட்சியில் நேரில் புரட்டிப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன். புதுமைப்பித்தன் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர், ஜெயகாந்தன் மஞ்சக்குப்பத்துக்காரர் என்ற பெருமிதம் எங்கள் ஊர்க்காரியான என்னை விட அவருக்கு அதிகம். அதனால் இந்த வட்டாரத்திலிருந்து யார் எழுதினாலும் இரண்டு படி கூடுதலாகவே பாராட்டிவிடுவார். பாதியில் நின்ற 16 புத்தகங்களில் ஐந்து அப்படி வந்தவை. மேசையில் இல்லாத புத்தகத்தைக் கேட்டால் வந்து சேர மூன்று வாரம்கூட ஆகிறது. ஜனவரியில் சென்னைக் காட்சிக்குப் போய்விடுவார் என்பதால் பொங்கலை ஒட்டிக் கடை பூட்டியிருக்கும்.

போக நினைப்பவர்கள் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் போகலாம். அப்போது அவருக்குப் பேச நேரம் இருக்கும். பாதியில் விட்ட புத்தகம் ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு போவது நல்லது. கடந்த வாரம் நான் வாங்கியது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பம் ஒன்றைப் பற்றிய முதல் நாவல். சீட்டின் நான்காவது வரியில் "முழுதும் படித்தேன், 70ஆம் பக்கத்தில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருக்கிறார். நேற்றிரவு 61ஆம் பக்கம் வரை வந்திருக்கிறேன். சீட்டின் பின்புறம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.