போட்டியா, பூஸ்ட்டா, பதிலா? பவானிக் கடைகளுக்கு எது எடுபடும்?

"போஸ்ட் போட்டா நாலு பேர்கூடப் பாக்க மாட்டேங்கறாங்க, என்னங்க பண்றது?" ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் பதிவு போடும் பவானி ஜமக்காளக் கடைக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்.

'லைக் போடுங்க, மூணு பேரை டேக் பண்ணுங்க, பெட்ஷீட் இலவசம்' என்று போட்டி வைத்தால் கூட்டம் சேரும். வாங்குகிற கூட்டம் அல்ல. இப்படிக் கேட்டு வாங்கும் லைக், டேக் பதிவுகளைக் கீழே தள்ளுவோம் என்று ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அதனால் போட்டி வையுங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

பூஸ்ட் என்றால் காசு கட்டிப் பதிவை விளம்பரமாகக் காட்டுவது. காசு இருக்கும்வரை ஓடும். தீபாவளி சமயத்தில் கோவை, திருப்பூர் என்று ஊர் குறித்துக் காட்ட நல்லது. ஆனால் விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்பதிலும் பார்ப்பவர்கள் அதைத் தொடுவார்களா என்ற கணிப்பு சேர்கிறது. அதனால் தானாகக் கொஞ்சம் ஓடிய பதிவுக்கே காசு கட்டுங்கள்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி, கமென்ட்டில் வரும் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்வது. ஒருவர் கமென்ட்டில் "ஆறுக்கு ஒம்போது என்ன விலைங்க?" என்கிறார். ஒரு கடை "இன்பாக்ஸ் வாங்க" என்கிறது. பேச்சு அங்கேயே முடிந்தது. இன்னொரு கடை விலையை அங்கேயே சொல்லி, "வீட்டுக்குங்களா, விசேஷத்துக்குங்களா?" என்று கேட்கிறது. அவர் பதில் சொல்வதற்குள் வேறொரு அக்கா "சாயம் போகுங்களா?" என்கிறார். "மொத ரெண்டு தடவ தனியா துவைங்க்கா." அப்புறம் "கைத்தறிதானுங்களா?" என்று ஒருவர். இப்படி ஆட்களுக்குள் பேச்சு நடக்கும் பதிவுகளை முன்னே காட்டுவோம் என்றுதான் ஃபேஸ்புக் 2018 ஜனவரியில் அறிவித்தது.

இன்ஸ்டாகிராமில் இன்னொன்றும் உண்டு. பார்க்கும் நேரம், லைக், பிறருக்கு அனுப்புவது ஆகிய மூன்றும் முக்கியம் என்றும், நம்மைப் பின்தொடராதவர்களிடம் போய்ச் சேர அனுப்புவதே கூடுதலாக உதவும் என்றும் அதன் தலைவர் ஆடம் மொசேரி சொல்லியிருக்கிறார். குழித்தறியில் நாடா போய்வரும் சின்ன வீடியோவில் அளவையும் விலையையும் எழுதிப் போடுங்கள். கல்யாண வேலையில் இருக்கும் அத்தைக்கு யாராவது அனுப்பிவிடுவார்கள்.

இதற்குக் காசு வேண்டாம், நேரம் வேண்டும். கடையில் தனியாளா? தினம் ஒன்று போட்டுக் கேள்விகளைத் தொங்கவிடாமல், வாரத்துக்கு இரண்டு போடுங்கள். லோடு ஏற்றும் நாளில் வேண்டாம், சாயங்காலம் போனைக் கையில் வைத்திருக்க முடிகிற நாளில் போடுங்கள்.