6 கிலோ ஏபிசி ஃபயர் எக்ஸ்டிங்குஷர்: பட்டறை எரிஞ்சப்புறம் வாங்கினது, ஒரு வருஷ அனுபவம்

வாங்கி ஒரு வருஷம் முடிஞ்சிருச்சு, போன வாரம்தான் சர்வீஸும் பண்ணி மாட்டினேன், அதனால இப்ப எழுதுறேன். பொருள் 6 கிலோ ஏபிசி பவுடர் ஃபயர் எக்ஸ்டிங்குஷர், நம்மூர்ல ஃபயர் சிலிண்டர்னு சொல்றது. கோயமுத்தூர்ல நூறடி ரோட்டு பக்கம் ஒரு சின்ன கடைல நேர்ல போய் வாங்கினேன். அஞ்சுக்கு நாலு குடுப்பேன். வீட்டு கார் ஷெட்லயே மர வேலை, வெல்டிங், வண்டி ரிப்பேர்னு பண்றவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா நான் இத வாங்கினதே எல்லாம் எரிஞ்சு போனதுக்கு அப்புறம்தான்.

எங்க வீடு துடியலூர் தாண்டி இருக்குது. கார் கிடையாது, அதனால கார் ஷெட்டுதான் என் பட்டறை, பத்துக்கு பதினெட்டு அடி, மேல தகர ஷீட்டு, முன்னாடி ஷட்டர். அப்பா தச்சு வேலை பாத்தவரு, அவரு போனதுக்கு அப்புறம் அவரோட இழைப்புளி, உளிங்க, முழக்கோல் எல்லாம் எங்கிட்ட வந்துச்சு. நான் வேலைக்குப் போறவன், ஞாயித்துக்கிழமைதான் மரத்துல கை வைப்பேன்.

போன வருஷம் மார்ச்ல ஒரு ஞாயிறு, தங்கச்சி வீட்டு ஊஞ்சல் பலகைக்கு எண்ணெய் போட்டுட்டு இருந்தேன். நல்ல தேக்கு. லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், அதுல கொஞ்சம் டர்பன்டைன் கலந்து பனியன் வேஸ்ட்ல தொட்டுத் தொட்டு தேச்சு, மேல நிக்கிற எண்ணெயத் துடைச்சு எடுத்து, துடைச்ச துணிய எல்லாம் சுருட்டி மூலைல இருந்த மரத்தூள் சாக்குல போட்டேன். ஆறு மணிக்கு ஷட்டர இறக்கிட்டு வந்து குளிச்சு சாப்ட்டு படுத்தாச்சு. பட்டறைல பீடி சிகரெட் பழக்கம் கிடையாது, அடுப்பு கிடையாது, மிஷின் எல்லாம் பிளக்க பிடுங்கி வெச்சிருந்தேன்.

ராத்திரி பத்தரை இருக்கும், வீட்டுக்காரம்மாதான் முதல்ல எந்திரிச்சா. "ஏங்க, யாரோ எண்ணெய அடுப்புல வெச்சுட்டு மறந்துட்டாங்க போல, கருகுற வாசம் வருதுங்க"ன்னா. எங்க அடுப்புல ஒண்ணும் இல்ல. வெளிய வந்து பாத்தா ஷட்டருக்கு அடில இருந்து புகை ஊர்ந்து வருது. நான் பண்ணின பெரிய தப்பு அப்பத்தான், பதட்டத்துல ஷட்டர ஒரே தூக்கா முழுசா தூக்கிட்டேன். அதுவரைக்கும் காத்து இல்லாம புகைஞ்சுட்டு இருந்தது, காத்து கிடைச்சதும் குப்புன்னு மேல வரைக்கும் எழும்பிருச்சு, தின்னர் டின்னு, சேண்டிங் சீலர் டப்பா எல்லாம் அந்த மூலைக்கு ரெண்டடி தள்ளித்தான் இருந்துச்சு.

எங்கிட்ட அன்னைக்கும் ஒரு ஃபயர் சிலிண்டர் இருந்துச்சுங்க. கார்ல வைக்கிற மாதிரி ஒரு கிலோ, எப்பவோ ஆன்லைன்ல வாங்கினது. அது எங்க இருந்துச்சுன்னா உள்ள, கடைசி சுவத்துல, வேலை பாக்குற பெஞ்சுக்கு மேல, அதாவது தீக்கு அந்தப் பக்கம். எடுக்கவே முடியல. மறுநாள் சாம்பலுக்குள்ள இருந்து எடுத்துப் பாத்தேன், கருகிக் கிடந்துச்சு. ஆனா தீக்கு முன்னாடி அது வேலை செய்யுற நிலைல இருந்துச்சான்னும் என்னால சொல்ல முடியாது, வாங்கின நாள்ல இருந்து ஒரு நாள்கூட அதுல இருக்கிற பிரஷர் மீட்டர் முள்ள நான் பாத்ததே இல்ல.

மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணினேன், அது ஒண்ணுதான் உருப்படியா பண்ணினது. பக்கத்து வீட்டு அண்ணன் 101க்கு அடிச்சுட்டு ஓஸ் பைப்ப இழுத்துட்டு வந்தாரு. ஃபயர் சர்வீஸ் வண்டி இருபது நிமிஷத்துல வந்துருச்சு, அவங்க வந்து பத்து நிமிஷத்துல அடங்கிருச்சு. ஆனா அந்த இருபது நிமிஷத்துலயே முடிஞ்சு போச்சு. தகரம் வளைஞ்சு தொங்குது, டிரில்லிங் மிஷின், அதோட பேட்டரி ரெண்டு, சேர்த்து வெச்ச தேக்கு, ஊஞ்சல் பலகை. இதெல்லாம் காசு குடுத்தா வரும். அப்பாவோட இழைப்புளில கட்டை முழுசா எரிஞ்சு தகடு மட்டும் மிஞ்சுச்சு, அவரு கைப்பட்டு வழவழன்னு ஆன கட்டை அது. தகடும் உளிங்களும் நீலமா நிறம் மாறிப் போச்சு, தீட்டிப் பாத்தா கூர் நிக்க மாட்டேங்குது, சூட்டுல எஃகோட பதம் இறங்கிருச்சு. முழக்கோல் இருந்த இடமே தெரியல. அவரு அதுல கத்தியால கீறி வெச்ச அளவு எல்லாம் அதோட போச்சு. ரெண்டு மூணு நாளைக்கு என்னால யாருகிட்டயும் பேச முடியல.

வந்த ஃபயர் ஆபீசர் அந்த மூலையக் காட்டி இங்க என்ன வெச்சிருந்தீங்கன்னாரு, சொன்னேன், அவரு தலைய ஆட்டிட்டு அந்தத் துணிதாங்கன்னாரு. நான் நம்பவே இல்ல. அப்புறம் தேடித் தேடி படிச்சப்பத்தான் புரிஞ்சுது. லின்சீட் ஆயில் தண்ணி மாதிரி ஆவியாகி காயுறது இல்ல, காத்துல இருக்கிற ஆக்ஸிஜன இழுத்து இறுகித்தான் காயுது, அப்படி இறுகுறப்ப சூடு வரும். பலகை மேல மெல்லிசா இருக்கிறப்ப அந்த சூடு காத்தோட போயிரும். துணிய சுருட்டி வெச்சா சூடு வெளிய போக வழி இல்ல, சூடு ஏற ஏற எண்ணெய் இன்னும் வேகமா இறுகும், இன்னும் சூடு ஏறும், சில மணி நேரத்துல தானா பத்திக்கும். நான் அத மரத்தூளுக்குள்ள வேற புதைச்சு வெச்சிருந்தேன், கம்பளி போத்தின மாதிரி. தீப்பொறியே வேண்டியதில்லைங்க. அமெரிக்கால பிலடெல்ஃபியா ஊர்ல 1991 பிப்ரவரி 23ஆம் தேதி ஒன் மெரிடியன் பிளாசான்னு 38 மாடி கட்டிடம் 22ஆவது மாடில பத்திக்கிச்சு, காரணம் இதே லின்சீட் ஆயில் துணி, மரப்பலகைக்கு பாலிஷ் போட்டவங்க விட்டுட்டுப் போனது. மூணு தீயணைப்பு வீரருங்க செத்துட்டாங்க. மாடி மாடியா ஏறின தீ 30ஆவது மாடில தானா தண்ணி தெளிக்கிற ஸ்ப்ரிங்க்ளர் இருந்ததாலதான் நின்னுச்சு. அவ்வளவு பெரிய கட்டிடத்துக்கே அந்த கதின்னா என் தகர ஷெட்டு எந்த மூலைக்கு. டின்னுல சின்ன எழுத்துல இந்த எச்சரிக்கை இருந்துச்சு, நான்தான் படிக்கல.

சரி, சிலிண்டருக்கு வரேன். ஆன்லைன்ல இன்னொண்ணு தட்டி விட மனசு வரல. கடைக்காரர் அறுபது வயசு இருக்கும். எடுத்தவுடனே விலை சொல்லல, "என்ன வேலை தம்பி பண்றீங்க, எவ்வளவு இடம், என்னென்ன வெச்சிருக்கீங்க"ன்னு கேட்டாரு. மரம், துணின்னா ஏ, தின்னர், பெட்ரோல்னா பி, கேஸ்னா சி, மூணுக்கும் சேர்த்துத்தான் ஏபிசின்னு விளக்கினாரு. இதுல ஒரு குழப்பம் இருக்குங்க, யூடியூப்ல அமெரிக்கக்காரங்க வீடியோல சி-ன்னா கரண்ட் தீன்னு வரும், அது அவங்க ஊர் கணக்கு. நம்மூர் கணக்குல சி-ன்னா கேஸ். வீட்டு கரண்ட் தீக்கும் இந்தப் பவுடர அடிக்கலாம், பவுடர் கரண்ட கடத்தாது, ஆனா மெயின ஆஃப் பண்ணிட்டு அடிக்கிறது எப்பவும் நல்லது.

ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15683ங்குற நம்பரும் சிலிண்டர்லயே இருக்கான்னு பாத்து வாங்கச் சொன்னாரு, அது இல்லாத சரக்கும் மார்க்கெட்ல நிறைய சுத்துதாம். மீட்டர் முள்ளு பச்சைல நிக்கணும், கைப்பிடில இருக்கிற சேஃப்டி பின்னுல சீல் அறுபடாம இருக்கணும்.

அந்தக் கடைய நான் யாருக்கும் சொல்றதுக்குக் காரணம் அடுத்து அவரு பண்ணினதுதான். கடைக்குப் பின்னாடி காலி இடத்துல ஒரு இரும்புத் தட்டுல டீசலும் மரத்துண்டும் போட்டுப் பத்த வெச்சு, ரீஃபில்லுக்கு வந்த ஒரு பழைய சிலிண்டர என் கைல குடுத்து அணைங்கன்னாரு. சேஃப்டி பின்ன இழுத்து, ஓஸ பிடிச்சு, கைப்பிடிய அமுக்கினேன், நான் தழலப் பாத்து மேல அடிச்சேன், பவுடர் எல்லாம் தழலத் தாண்டிப் பறந்து போச்சு, தீ அப்படியே நிக்குது. "தம்பி, தழலுக்கு அடிக்காதீங்க, தீயோட அடிக்கு அடிங்க, கூட்டிப் பெருக்குற மாதிரி இடமும் வலமும்"ன்னாரு. அப்படி அடிச்சதும் ரெண்டே வீச்சுல போயிருச்சு. அதுல இன்னொண்ணும் தெரிஞ்சுது, மொத்த சிலிண்டரும் பத்துப் பதினஞ்சு செகண்டுக்குள்ள காலி. சினிமால காட்டுற மாதிரி நிமிஷக்கணக்கா அடிச்சுட்டே இருக்க முடியாது. வீட்டுல முதல் தடவையா தீக்கு முன்னாடி நின்னு கத்துக்குற விஷயம் இல்லைங்க இது, எங்க வாங்கினாலும் ஒரு தடவை அடிச்சுக் காட்டச் சொல்லிக் கேளுங்க.

தட்டுல அணைஞ்ச மரத்துண்டு கொஞ்ச நேரத்துல திரும்பப் புகைஞ்சுது. பவுடர் தழல அணைக்கும், ஆனா சூட்ட எடுக்காது. மரத்தூள் குவியல், துணி மூட்டை மாதிரி உள்ளுக்குள்ளயே கனியுற சாமான்னா பவுடர் அடிச்சு முடிச்சதும் கிளறி விட்டு தண்ணி ஊத்தி நனைக்கணும், இல்லன்னா அரை மணி கழிச்சு மறுபடி பிடிக்கும். அதனால இப்ப ஷட்டருக்கு வெளிய எப்பவும் ரெண்டு பக்கெட் தண்ணி நிக்குது.

குறைன்னு சொன்னா முதல்ல எடை. 6 கிலோங்குறது உள்ள இருக்கிற பவுடர் மட்டும், சிலிண்டரோட சேர்த்து ஒன்பது பத்து கிலோ வரும். வீட்டுக்காரம்மா தூக்கிப் பாத்துட்டு என்னால இத பிடிச்சுட்டு அமுக்க முடியாதுங்கன்னு சொல்லிட்டா. அதனால 4 கிலோ ஒண்ணு தனியா வாங்கி வீட்டு வாசல்கிட்ட மாட்டினோம், முன்னமே ரெண்டு பேரையும் கடைக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா அந்த அலைச்சல் மிச்சம். ரெண்டாவது, பவுடர் அடிச்ச இடத்த சுத்தம் பண்றது பெரிய பாடு. அந்தப் பவுடர் மோனோ அமோனியம் பாஸ்பேட், ஈரம் பட்டா இரும்ப அரிக்கும், மிஷின் மோட்டாருக்குள்ள போனா மோட்டாரே போகும், அன்னைக்கே தொடைச்சாகணும். மூணாவது, கூட குடுத்த ஸ்க்ரூவும் கிளாம்பும் ரொம்ப சன்னம், ஹாலோ பிளாக் சுவத்துல நிக்கல, நான் தனியா ஆங்கர் போல்ட் போட்டு மாட்டினேன். ஒரு மார்க்கு குறைச்சது இந்த கிளாம்புக்குத்தான், பத்து கிலோ சாமான் ராத்திரில கழண்டு கீழ விழுந்தா வால்வு என்ன ஆகும்.

மாட்டின இடம்தான் எல்லாத்தையும் விட முக்கியம். இப்ப ஷட்டருக்கு வெளிய, வீட்டுக் கதவுக்கும் பட்டறைக்கும் நடுவுல இருக்குது, அத எடுக்குறதுக்கு நான் தீய நோக்கிப் போகவே வேண்டாம். எடுத்துட்டு வர்றப்ப பின்னால ஓடுறதுக்கு வழி இருக்கு.

கூரைல தொங்க விடுற ஃபயர் பால் ஒண்ணும் கடைக்காரர் காட்டினாரு, தீ பட்டா தானா வெடிச்சு பவுடரத் தூவும். நான் வாங்கல. தழல் அந்த உருண்டையத் தொடணும், என் பட்டறைல மூலைல கனிஞ்சது கூரையத் தொடுறதுக்குள்ள பாதி போயிருச்சு. அதுக்குப் பதிலா சூட்டுக்கு அடிக்கிற ஹீட் டிடெக்டர் ஒண்ணு போட்டோம், புகைக்கு அடிக்கிறதுன்னா மரத்தூளுக்கே தினமும் கத்தும். தகரத்துல ஒட்டாம ஒரு அடி கீழ இறக்கி மாட்டினாரு, சித்திரை வெயில்ல தகரத்துச் சூட்டுக்கே அடிச்சிரும்னு. டிரில்லிங் மிஷின் பேட்டரி சார்ஜ் இப்ப நாங்க முழிச்சிருக்கிற நேரத்துல மட்டும்தான். லித்தியம் பேட்டரி உள்ள பத்திக்கிச்சுன்னா இந்தப் பவுடர் அத நிறுத்தாது, தண்ணி ஊத்தி ஊத்தித்தான் ஆத்தணும்.

இன்சூரன்ஸ் பத்தியும் ஒரு வார்த்தை. எங்கிட்ட இருந்தது லோன் வாங்கினப்ப பேங்க்ல எடுக்க வெச்ச பாலிசி, கட்டிடத்துக்கு மட்டும்தான், உள்ள இருந்த சாமானுக்கு ஒரு ரூபா வரல. 2021 ஏப்ரல்ல இருந்து பாரத் கிருஹ ரக்ஷான்னு ஒரே மாதிரி பாலிசி எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிலயும் இருக்குது, கட்டிடத்துக்கு எடுத்தா அதுல 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும் வீட்டுச் சாமானுக்கும் தானா சேரும். உங்க பேப்பர எடுத்து இன்னைக்கே பாருங்க. மிஷினுங்கள போட்டோ எடுத்து பில்லோட வெளிய யாருகிட்டயாவது குடுத்து வைங்க, என் பில்லு எல்லாம் பட்டறை டிராயர்லதான் இருந்துச்சு.

எண்ணெய்த் துணிக்கு இப்ப எங்க வீட்டுல ஒரு முறை இருக்கு. வேலை முடிஞ்சதும் வெளிய கொடில ஒண்ணு ஒண்ணா விரிச்சுப் போடுறது, மேல மேல போடாம. மொடமொடன்னு காஞ்சப்புறம்தான் குப்பைக்கு. மழைன்னா மூடி போட்ட பெயின்ட் டின்னுல தண்ணிக்குள்ள முக்கி வைக்கிறது. இந்த ஜனவரில தங்கச்சிக்குப் புதுப் பலகை பண்ணி எண்ணெய் போட்டேன், ஏழு துணி எடுத்தேன், சாயந்திரம் கொடில ஏழும் இருக்கான்னு வீட்டுக்காரம்மா எண்ணிப் பாத்துட்டுத்தான் ஷட்டர இறக்க விட்டா.

விலை எனக்கு 6 கிலோ 2,900, 4 கிலோ 2,200 ஆச்சு, மாட்டுறதுக்குத் தனியா வாங்கல. சர்வீஸுக்கு கடைக்காரரே வீட்டுக்கு வந்து எடை போட்டுப் பாத்து, முள்ளு பாத்து, சீட்டுல தேதி எழுதிட்டுப் போனாரு. கொஞ்சமே கொஞ்சம் அடிச்சாலும் திரும்ப ரீஃபில் பண்ணியே ஆகணும்னாரு, வால்வுல பவுடர் உக்காந்து கேஸ் கசிஞ்சு ரெண்டு நாள்ல முள்ளு சிவப்புக்கு வந்துருமாம், அதனால டெஸ்ட் பண்ணிப் பாக்குறேன்னு வீட்டுல இருக்கிறத அமுக்கிராதீங்க.