ஏபிஎஸ் இல்லாத நான்கு ஆண்டுகள்

என் வண்டி 2012-ஆம் ஆண்டு மாடல், 250 சிசி பைக். முன்னும் பின்னும் ஏபிஎஸ், அதாவது அப்பிப் பிடித்தாலும் சக்கரம் பூட்டி வழுக்காமல் தடுக்கும் பிரேக் அமைப்பு, உண்டு. இருந்தது என்று சொல்ல வேண்டும். 2021 நவம்பரில், பிரேக் ஆயில் அழுத்தத்தை வால்வுகளால் விட்டுப் பிடிக்கும் பெட்டியான அதன் மாடுலேட்டரைக் கழற்றிவிட்டு, லீவரை அழுத்தினால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கு நேராக ஹோஸ் போட்டேன். அதற்குப் பிறகு 31,000 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. "மீட்டரில் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு அணைய மாட்டேன் என்கிறது, பைபாஸ் செய்துவிடலாமா?" என்று கேட்பவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதுகிறேன்.

விளக்கு எரிகிறது என்பதற்காக மட்டும் எதையும் கழற்றாதீர்கள். மின்சாரம் இல்லாதபோது மாடுலேட்டரின் உள்வரும் வால்வு திறந்தே இருக்கும்; அதனால் ஏபிஎஸ் செத்தாலும் சாதாரண பிரேக் பிடிக்கும். பெரும்பாலும் குற்றவாளி சக்கரத்தருகே இருக்கும் சென்சார்தான். சேறு அப்பியிருக்கும், ஒயர் தேய்ந்திருக்கும், அல்லது அது வேகத்தைப் படிக்கும் பல்வளையம் வளைந்திருக்கும். எனக்கும் முதலில் சென்சாரைத் துடைத்ததில் இரண்டு மாதம் ஓடியது.

என்னைப் பயமுறுத்தியது வேறு. சிக்னலில் நிற்கும்போது முன் பிரேக் லீவரைப் பிடித்தபடி இருந்தால், அது மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்கியது. வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். இருபது ஆண்டுகளாக எனக்கு வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணன் அதை நம்பவில்லை. மாஸ்டர் சிலிண்டரின் வாயை ஓர் அடைப்பு போல்ட்டால் மூடிவிட்டு, "இப்போது பிடித்துப் பாருங்கள் தம்பி" என்றார். லீவர் கல் மாதிரி நின்றது. மாஸ்டர் சிலிண்டர் நிரபராதி. மாடுலேட்டருக்குள் இருக்கும் வெளியேற்றும் வால்வு முழுதாக மூடாமல் அழுத்தத்தை உள்ளுக்குள்ளேயே விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு முறை புது ஆயில் விட்டு அலசிப் பார்த்தோம். பலனில்லை.

கழற்றிய மாடுலேட்டரைக் கவிழ்த்தபோது அண்ணனின் பழைய செய்தித்தாளில் விழுந்ததைப் பார்த்து வெட்கமாக இருந்தது. வெல்லப்பாகு நிறத்தில் ஆயில். அதன் அடியில் டிகாஷன் வண்டல் போலத் துகள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும்; ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காது. அதைவிட மோசம், அந்த ஈரம் ஊசிமுனைத் துளைகள் கொண்ட வால்வுகளை அரித்துவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை ஒன்பது ஆண்டில் ஒரே ஒரு முறை மாற்றியிருந்தேன். வண்டியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

புது மாடுலேட்டரின் விலை, வண்டியை விற்றால் கிடைப்பதில் பாதிக்குமேல் வந்தது. அதனால்தான் பைபாஸ். எஃகு வலை போர்த்திய ஹோஸ் இரண்டு, அளவு கொடுத்துச் செய்து வாங்கினோம். ஹோஸ் முனையைப் பொருத்தும் பேஞ்சோ போல்ட்டின் மரை இடைவெளி 1.0, 1.25 மில்லிமீட்டர் என இரண்டு வகை இருக்கிறது. பழைய போல்ட்டைக் கையோடு எடுத்துப்போவது நல்லது. காப்பர் வாஷர்கள் அனைத்தும் புதியவை. ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியும், முன் ஃபோர்க்கை அழுத்தியும் தூக்கியும் ஹோஸ் எங்கும் இழுபடவில்லை, உரசவில்லை என்று பார்த்தோம். ஏபிஎஸ் ஃபியூஸ்களை எடுத்துவிட்டு, அந்தரத்தில் நின்ற ஒயர் கப்ளருக்குள் தண்ணீர் போகாமல் கட்டினோம். என் வண்டியில் ஸ்பீடோமீட்டருக்குத் தனி சென்சார், அதனால் பிழைத்தது. சில வண்டிகளில் சக்கர சென்சாரே வேகத்தையும் சொல்லும், கவனம்.

புது ஹோஸில் சிக்கிய காற்றை எடுப்பதற்குத்தான் பாதி நாள் போனது. கடைசியில் சைக்கிள் டியூப் துண்டால் லீவரை இழுத்துக் கட்டி இரவு முழுக்க விட்டோம். காலையில் அவிழ்த்தபோது பிடி இறுகியிருந்தது.

இந்த நான்கு ஆண்டில் லீவர் ஒரு முறைகூட இறங்கவில்லை. வறண்ட சாலையில் பழையதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை மறைக்கவில்லை. விரலுக்கும் டிஸ்குக்கும் நடுவே யாரும் இல்லாத உணர்வு. ஆயிலை ஆண்டுக்கொரு முறை மாற்றுகிறேன், கொஞ்சம் பிராயச்சித்தமாக.

ஆனால் மழை வேறு கதை. 2022 ஜூனில் வால்பாறையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். ஆழியாறு வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். தூறல், சாலையில் தேயிலைத் தோட்டத்துச் செம்மண். கீழ் வளைவுகளில் ஒன்றில் எதிரே பஸ் அகலமாக வாங்கித் திரும்பியது. பயத்தில் பிரேக்கை அப்பிப் பிடித்தேன். முன் சக்கரம் நின்றுவிட்டது. ஹேண்டில்பார் சட்டென்று எடையற்றுப் போனது. கையை விட்டு மறுபடி பிடித்ததால் விழவில்லை. அதில் என் திறமை பாதிகூட இல்லை. ஏபிஎஸ் அதே வேலையை ஒரு நொடிக்குள் பல முறை செய்யும், பயப்படாமல் செய்யும். பின் சக்கரமோ ஈரத்தில் இன்றும் அவ்வப்போது வழுக்கத்தான் செய்கிறது. மழைக்காலத்தில் மலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

என் வண்டி ஏபிஎஸ் கட்டாயமாவதற்கு முன் வந்தது. 125 சிசிக்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 ஏப்ரலிலும் அந்த விதி வந்தது. அதற்குப் பிந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வழிக்கே வர வேண்டாம். இன்னொன்று: 2001 வாக்கில் வந்த பிஎம்டபிள்யூ வண்டிகள் சிலவற்றில் ஏபிஎஸ்ஸோடு பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் மின்சார சர்வோவும் சேர்ந்தே இருக்கும். அவற்றில் ஃபியூஸை மட்டும் பிடுங்கினால் பிரேக்கில் மிஞ்சுவது சொற்பம்.

முன் மட்கார்டில் இருந்த ஏபிஎஸ் ஸ்டிக்கரை அன்றே உரித்துவிட்டேன். வெயிலில் வெளுக்காத அந்த மூன்று எழுத்துகள் இன்னும் நிழலாகத் தெரிகின்றன. போன மாதம் அவசரமாக வண்டி கேட்டு வந்த மைத்துனர் அதைப் பார்த்துவிட்டு, "ஏபிஎஸ் வண்டிதானே மாமா, பயமில்லை" என்றார். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.