காபி திரும்பி வந்த கதை: கறை எடுக்கும் மெஷினோடு இரண்டரை வருடம்

கல்லூரி நண்பன் ஒருவன் போன வாரம் படம் அனுப்பிக் கேட்டான்: "மச்சி, நீ வச்சிருக்கிற கார்பெட் மெஷின் நாலாயிரம் ரூபாய் குறைஞ்சிருக்கு. வாங்கலாமா?" குரல் பதிவில் பதில் சொல்ல ஆரம்பித்தேன். ஆறு நிமிடம் ஓடியும் முடிகிற வழியாக இல்லை. சரி, எழுதியே விடுகிறேன்.

மெஷின் எப்படி வேலை செய்யும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு தொட்டியில் சோப்புத் தண்ணீர், விசையை அழுத்தினால் பீய்ச்சும், பிரஷ்ஷை இழுத்தால் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி இன்னொரு தொட்டிக்கு அனுப்பும். எங்கள் வீட்டு ஹாலில் கிடப்பது உத்தரப் பிரதேசத்துப் பதோஹியில் செய்த 8க்கு 5 அடி கம்பளி விரிப்பு, வெளிர் சந்தன நிறம். தினமும் சாம்பார் வைக்கிற வீட்டுக்குச் சந்தன நிறத்தில் கார்பெட் வாங்கிய புத்திசாலி யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.

மெஷின் வந்த இரண்டாவது வாரம் அப்பாவின் கை பட்டு டபராவோடு காபி கவிழ்ந்தது. பால் கலந்த பில்டர் காபி, முழு டம்ளர். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான், மெஷினைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததே என்று. பீய்ச்சினேன், உறிஞ்சினேன், தொட்டியில் பழுப்புத் தண்ணீர் ஏறுவதை வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ராத்திரி படுக்கும்போது காபி கொட்டிய இடமே தெரியவில்லை.

காலையில் அதே இடத்தில் பழுப்பு வளையம். கொட்டியது டம்ளர் அளவு, வந்திருப்பது தட்டு அளவு. மறுபடி சுத்தம் செய்தேன், மறுநாள் மறுபடி வந்தது. மூன்றாவது தடவை கோபத்தில் ஒரு தொட்டித் தண்ணீரையும் அங்கேயே பீய்ச்சினேன். வளையம் இன்னும் பெரிதானது. மெஷின் சரியாக உறிஞ்சவில்லை என்று முடிவு கட்டி சர்வீஸுக்குச் சொல்லி, மூன்று நாள் காத்திருந்து, 600 ரூபாயும் கொடுத்தேன். வந்த பையன் குழாயைக் கழற்றிப் பார்த்தான், மாட்டினான், கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் தொட்டுப் பார்த்தான். "மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். கறை கீழ இருக்கு. காயும்போது விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி மேல ஏறும்."

அந்த 600 ரூபாயை நான் இன்றுவரை குறைசொல்லவில்லை. மெஷினோடு வந்த கையேட்டில் இந்த ஒரு வாக்கியம் இல்லை என்பதுதான் என் ஆத்திரம். நாம் பீய்ச்சும் தண்ணீரே காபியை அடிவரை இறக்கிவிடுகிறது. உறிஞ்சும்போது வருவது மேலே நிற்கிற ஈரம் மட்டும்தான். இழையின் நுனி முதலில் காய்கிறது, அடியில் உள்ள ஈரம் அங்கே ஏறுகிறது, வரும்போது காபியையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

அப்புறம் நான் கண்ட வழி இது. ஒரு தடவை பீய்ச்சினால் நாலு தடவை வெறுமனே உறிஞ்ச வேண்டும். கடைசியில் சோப்பில்லாத தண்ணீரால் ஒருமுறை அலச வேண்டும், இல்லையென்றால் தங்கிப்போன சோப்பு தூசியை இழுத்து, சாம்பல் நிறத்தில் புதுக் கறை போட்டுவிடும். பிறகு பழைய வெள்ளை வேட்டியை எட்டாக மடித்து ஈரத்தின் மேல் வைத்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள், அதன்மேல் 5 கிலோ அரிசிப் பை. ராத்திரி முழுக்க அப்படியே கிடக்கட்டும். மேலே ஏறும் காபி இழையின் நுனியில் நிற்காமல் வேட்டிக்குப் போய்விடும். முதல் தடவை காலையில் எடுத்துப் பார்த்தபோது வேட்டியில் பழுப்பாக ஒரு தீவின் வரைபடம், கார்பெட் சுத்தம். பதினாறாயிரம் ரூபாய் மெஷின் பாதி வேலை செய்தது, மீதியைச் செய்தது கிழிந்த வேட்டி.

சாம்பார் கதை வேறு. எங்கோ படித்துவிட்டு மஞ்சள் கறையில் ஆப்ப சோடாவைத் தூவி ஈரத்துணியால் ஒற்றினேன். கண்ணெதிரே கறை சிவந்தது. "கார்பெட்டுக்கு ஆரத்தி கரைச்சிட்டியா?" என்றார் அப்பா. உண்மையில் அதேதான். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், சோடாவும் சுண்ணாம்பு மாதிரி காரத்தன்மை உள்ளதுதான். ஒரு பங்கு வெள்ளை வினிகரை இரண்டு பங்கு தண்ணீரில் கலந்து ஒற்றியதும் மறுபடி மஞ்சளானது. ஆனால் போகவில்லை. மஞ்சளின் நிறம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது என்பதால் மெஷினும் கையை விரித்துவிட்டது. வெறுத்துப்போய் கார்பெட்டைச் சுருட்டி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். கறை மட்டும் வெளியே தெரிய, மற்ற இடத்தை நிறம் வெளுக்காமல் போர்வையால் மூடி, சித்திரை வெயிலில் போட்டேன். மூன்றாம் நாள் மாலை தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. இந்த இரண்டரை வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அதுதான், அதில் மெஷினுக்குப் பங்கே இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். சோபாவிலும் கார் சீட்டிலும் இது கில்லாடி. மகள் சீட்டில் கொட்டிய தயிர்சாதத்தைப் பச்சைத் தண்ணீரிலேயே பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டது. பாலும் தயிரும் கொட்டிய இடத்தில் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், கறை கெட்டிப்பட்டுவிடும். துணிக்குப் போடும் என்சைம் சோப்பைக் கம்பளிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதில் இருப்பது புரதத்தை அரிக்கிற சரக்கு, கம்பளியும் புரதம்தான். அழுக்குத் தொட்டியை அன்றே கழுவிவிடுங்கள். ஒருநாள் மறந்து, மறுநாள் திறந்து, மதியச் சாப்பாட்டை விட்டவன் சொல்கிறேன்.

நேற்று ராத்திரி எட்டு மணிக்குக் கேட்டிருந்தால், இந்த விலைக்குத் தாராளமாக வாங்கு என்றிருப்பேன். ஒன்பது மணிக்கு மகள் ஹாலில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தாள். வெறும் தண்ணீர். இன்று காலை எழுந்து பார்த்தால் இரண்டரை வருடத்துக்கு முந்தைய அந்தக் காபி, அதே தட்டு அளவில், லேசான பழுப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வாங்காதே டா. அரிசிப் பை இப்போது ஹாலில் இருக்கிறது. உலை வைக்க அரிசி அள்ளுவதற்கு அங்கே வந்து குனிந்த மனைவியின் முகத்தை நான் பார்க்கவில்லை.